ஐந்து லென்ஸ், நான்கு நிபந்தனை: கேமரா லென்ஸ் காப்புரிமையில் 'இது யாருக்கும் தோன்றுமே' என்பதை ஆராய்வது எப்படி?

போன் கேமராவுக்குள் இருக்கும் லென்ஸ் தொகுதி கடலை அளவுதான் இருக்கும். அதற்குள் ஐந்தாறு பிளாஸ்டிக் லென்ஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். அதற்கான காப்புரிமை விண்ணப்பமோ பல பத்துப் பக்கங்கள் ஓடும்; அதில் பாதி வெறும் எண் அட்டவணை. காப்புரிமை வேலைக்குப் புதிதாக வருபவர்கள் அந்த அட்டவணையைத் தாண்டிப் போய், வார்த்தைகள் இருக்கும் பக்கத்தை மட்டும் படிப்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். லென்ஸ் விஷயத்தில் அது தப்பு. வழக்கு தீர்வது அட்டவணையில்தான்.

இந்தப் பதிவில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பத்தை ஆராய்பவர் பின்பற்றும் முறையை எடுத்துக்கொள்கிறேன். அங்கே சட்டத்தின் 35-ஆம் தலைப்பு, 103-ஆம் பிரிவு கேட்பது ஒரே கேள்விதான்: ஏற்கெனவே வெளியாகியிருப்பதை வைத்து, இத்துறையில் சாதாரணத் திறமை உள்ள ஒருவருக்கு இந்தக் கண்டுபிடிப்பு இயல்பாகவே தோன்றியிருக்குமா? தோன்றியிருக்கும் என்றால் அது 'ஆப்வியஸ்', காப்புரிமை கிடையாது. (இந்தியச் சட்டத்தில் இதே கேள்வி 2(1)(ஜேஏ) பிரிவில் வேறு வார்த்தைகளில் வருகிறது. அதை இங்கே தொடவில்லை.)

இதை ஆராயும் சட்டகத்தை 1966-இல் கிரகாம் எதிர் ஜான் டீர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்தது. முந்தைய ஆவணங்களில் என்ன இருக்கிறது, அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு, சாதாரணத் திறமை என்றால் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அப்புறம் வணிக வெற்றி, நெடுநாள் தேவை, மற்றவர்களின் தோல்வி போன்ற துணைச் சான்றுகளையும் பார்க்க வேண்டும். 2007-இல் கேஎஸ்ஆர் எதிர் டெலிஃப்ளெக்ஸ் தீர்ப்பு, இதை இயந்திரத்தனமாகச் செய்யாதே, ஆனால் காரணத்தைத் தெளிவாகச் சொல் என்றது. சரி, வேலையைத் தொடங்கலாம்.

படி 1: கிளெய்மை உடைத்து எழுதுங்கள்

கிளெய்ம் என்பது விண்ணப்பதாரர் எதற்கு உரிமை கேட்கிறார் என்று எல்லை வகுக்கும் வாசகம். பயிற்சிக்காக ஒரு கற்பனை விண்ணப்பம். கிளெய்ம் 1 இப்படிச் சொல்கிறது: பொருள் பக்கத்திலிருந்து பிம்பப் பக்கம் நோக்கி ஐந்து லென்ஸ்கள். முதலாவது நேர்த்திறன் (ஒளியைக் குவிக்கும் திறன்) உடையது, அதன் முன்பரப்பு குவிந்தது. இரண்டாவது எதிர்த்திறன் (ஒளியை விரிக்கும்). மூன்றாவதுக்கு ஏதோ ஒரு திறன். நான்காவது நேர்த்திறன். ஐந்தாவது எதிர்த்திறன், அதன் பின்பரப்பு குழிந்தது. இதோடு நான்கு நிபந்தனைகள்:

மொத்தக் குவியத் தூரத்தை முதல் லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் 1.3-க்கும் 1.7-க்கும் இடையில் வர வேண்டும்.
முதல், இரண்டாம் லென்ஸ்களின் ஆபே எண் (லென்ஸின் பொருள் நிறங்களை எவ்வளவு பிரிக்கிறது என்பதைக் காட்டும் எண்) வித்தியாசம் 25-ஐவிடக் கூடுதல்.
தொகுதியின் மொத்த நீளத்தைக் குவியத் தூரத்தால் வகுத்தால் 1.2-ஐவிடக் குறைவு.
எஃப் எண் (குவியத் தூரத்தை உள்ளே வரும் ஒளிக்கற்றையின் விட்டத்தால் வகுத்தது) 2.1-ஐவிடக் குறைவு.

ஒவ்வொன்றையும் தனி வரியாக எழுதி, பக்கத்தில் காலி இடம் விடுங்கள். 'மொத்தம் ஐந்து லென்ஸ்' என்கிறதா, 'ஐந்து லென்ஸ்களை உள்ளடக்கிய' என்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வாசகத்துக்குள் ஆறு லென்ஸ் தொகுதிகூட அடங்கும். 'அச்சுக்கு அருகில் குவிந்தது' என்று இருந்தால் அதையும் விடாதீர்கள். போன் லென்ஸின் கடைசிப் பரப்பு நடுவில் குழிந்தும் ஓரத்தில் குவிந்தும் வளையும். எந்த இடத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில்தான் பாதிச் சண்டை நடக்கும்.

படி 2: தேடல்

வார்த்தைகளை வைத்துத் தேடினால் கடலில் மூழ்கிவிடுவீர்கள். வகைப்பாட்டுக் குறியீட்டோடு தொடங்குங்கள். ஐந்தும் அதற்கு மேலும் லென்ஸ் கொண்ட சிறு கேமராத் தொகுதிகள் ஜி02பி 13/0045-இல் இருக்கும். ஐந்து கூறு மட்டும் கொண்டவை ஜி02பி 9/60, ஆறு என்றால் 9/62. அங்கிருந்து திறன் வரிசை (நேர், எதிர், ஏதோ ஒன்று, நேர், எதிர்) பொருந்துபவற்றைச் சலித்தெடுங்கள். கிடைத்த ஆவணம் விண்ணப்பத்தின் முன்னுரிமைத் தேதிக்கு (எந்தத் தேதிக்கு முன் வெளியானவற்றோடு ஒப்பிட வேண்டுமோ, அந்தத் தேதிக்கு) முந்தையதா என்பதை முதலிலேயே பாருங்கள். நாள் முழுக்கக் கணக்குப் போட்ட பிறகு ஆவணம் மூன்று வாரம் பிந்தியது என்று தெரிந்தால் வரும் எரிச்சல் உங்களுக்கு வேண்டாம்.

படி 3: அட்டவணையிலிருந்து கணக்கு

இதுதான் முக்கியமான படி. முந்தைய ஆவணம் உங்கள் கிளெய்மின் விகிதங்களை அதே பெயரில் எழுதியிருக்காது. ஆனால் அதன் அட்டவணையில் வளைவு ஆரம், தடிமன், ஒளிவிலகல் எண், ஆபே எண் எல்லாம் இருக்கும். விகிதம் எழுதப்படவில்லை என்றாலும் அந்த லென்ஸுக்குள் அது இருக்கிறது. அதை வெளியே எடுப்பது உங்கள் வேலை.

நாம் கண்டெடுத்த ஆவணத்தின் இரண்டாம் எடுத்துக்காட்டு இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: குவியத் தூரம் 4.00 மி.மீ., எஃப் எண் 2.40, மொத்த நீளம் 4.60 மி.மீ. முதல் லென்ஸின் முன் ஆரம் 1.60, பின் ஆரம் கழித்தல் 12.0, நடுத் தடிமன் 0.60, ஒளிவிலகல் எண் 1.544, ஆபே எண் 56.0. இரண்டாம் லென்ஸின் ஆபே எண் 23.4.

முதல் லென்ஸின் குவியத் தூரத்தை லென்ஸ் செய்வோர் சூத்திரத்தில் போடுங்கள். முன் ஆரத்தின் தலைகீழ் 0.625. பின் ஆரத்தின் தலைகீழைக் கழித்தால், குறி எதிர் என்பதால், 0.0833 கூடும். தடிமனுக்கான திருத்தம் சுமார் 0.011 குறைக்கும். மொத்தம் 0.6973. இதை 0.544-ஆல் பெருக்கினால் 0.3793. அதன் தலைகீழ் 2.64 மி.மீ. ஆக 4.00-ஐ 2.64-ஆல் வகுத்தால் 1.52. முதல் நிபந்தனை பொருந்துகிறது. ஆபே வித்தியாசம் 32.6, அதுவும் சரி. நீளத்தைக் குவியத் தூரத்தால் வகுத்தால் 1.15, அதுவும் சரி.

இங்கே எல்லோரும் சறுக்கும் ஓர் இடம் உண்டு: ஆரத்தின் குறி. வளைவு மையம் எந்தப் பக்கம் என்பதை வைத்துக் கூட்டல், கழித்தல் மாறும். அட்டவணை எந்தத் திசையிலிருந்து எண்ணுகிறது என்று பார்க்காமல் போனால் குவிந்தது குழிந்ததாகிவிடும். புரொஜெக்டர் லென்ஸ் ஆவணங்களில் திரைப் பக்கத்திலிருந்து எண்ணுவார்கள். பார்வைக் கோணம் முழுக் கோணமா அரைக் கோணமா என்பதும் இதே மாதிரிப் பொறிதான்.

படி 4: அட்டவணையையே சந்தேகியுங்கள்

எண் அச்சில் இருக்கிறது என்பதால் அது உண்மை என்று ஆகாது. எல்ஜி எலெக்ட்ரானிக்ஸ் எதிர் இமர்விஷன் வழக்கு (2022) இதற்குச் சரியான பாடம். இமர்விஷனின் காப்புரிமை ஒரு பனோரமா லென்ஸ் பற்றியது: பிம்பத்தின் நடுவும் ஓரமும் சுருங்கி, இடைப்பட்ட பகுதி விரிந்திருக்கும். இதைத் தோற்கடிக்க எல்ஜி, டாடா என்பவரின் பழைய அமெரிக்கக் காப்புரிமையைக் கொண்டுவந்தது. அதன் 5-ஆம் அட்டவணை எண்களை வைத்து எல்ஜியின் நிபுணர் லென்ஸை மறுபடி கட்டமைத்துக் காட்டினார், கிளெய்ம் பொருந்தியது.

இமர்விஷனின் நிபுணரும் அதே எண்களைப் போட்டுப் பார்த்தார். பிம்பம் கோணலாக வந்தது. பல மணி நேரம் தோண்டிய பிறகு தெரிந்தது: 5-ஆம் அட்டவணையின் ஆஸ்பெரிக் குணகங்கள் (பரப்பு முழுக் கோளத்திலிருந்து எவ்வளவு விலகி வளைகிறது என்று சொல்லும் எண்கள்) 3-ஆம் அட்டவணையில் இருப்பவையே. யாரோ நகலெடுக்கும்போது மாற்றி ஒட்டிவிட்டார்கள். மூல ஜப்பானிய விண்ணப்பத்தில் வேறு எண்கள் இருந்தன. துறை அறிந்தவர் பார்த்தால் பிழை என்று உணர்ந்து ஒதுக்கிவிடும் அல்லது மனதுக்குள் திருத்திக்கொள்ளும் எண்ணை முந்தைய ஆவணமாகக் காட்ட முடியாது என்பது 1970-இன் யேல் வழக்கிலிருந்தே வரும் விதி. அதை வைத்து மேல்முறையீட்டு நீதிமன்றம் இமர்விஷன் பக்கம் நின்றது. இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு பாடுபட வேண்டியிருந்ததே, அப்படியானால் இது எப்படி வெளிப்படையான பிழை ஆகும் என்று ஒரு நீதிபதி மாறுபட்டார். எனக்கு அவருடைய கேள்வியில் நியாயம் இருப்பதாகவே படுகிறது. ஆனாலும் தீர்ப்பு தீர்ப்புதான்.

ஆகவே எண்களை ஜெமாக்ஸ் அல்லது கோட் வி போன்ற மென்பொருளில் போட்டு, ஆவணம் சொல்லும் குவியத் தூரம் வருகிறதா, பிம்பம் பிம்பமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 5: மிஞ்சிய வேறுபாடு

நம் கணக்கில் மிஞ்சியது எஃப் எண் மட்டும்: ஆவணத்தில் 2.40, கிளெய்மில் 2.1-க்குக் கீழ். புதியவர் உடனே எழுதுவது: 'எஃப் எண்ணைக் குறைப்பது வழக்கமான சீராக்கம்.' இந்த ஒற்றை வரி எனக்குப் பிடிக்காது. ஏன் என்று எண்களிலேயே பார்க்கலாம்.

2.40-ஐ 2.00 ஆக்கினால் ஒளி 44 சதவீதம் கூடும். போன் கேமரா செய்யும் யாருக்கும் அது வேண்டும். ஆசைக்குக் காரணம் தேட வேண்டாம். ஆனால் உள்ளே வரும் ஒளிக்கற்றையின் விட்டம் 1.67-இலிருந்து 2.00 மி.மீ. ஆகிறது. கோளப் பிறழ்ச்சியால் (லென்ஸின் ஓரத்து ஒளியும் நடு ஒளியும் ஒரே புள்ளியில் குவியாததால்) வரும் மங்கல் விட்டத்தின் மும்மடிப்படி ஏறும், 1.2-இன் மும்மடி 1.73. அதோடு முதல் லென்ஸின் விளிம்பைப் பாருங்கள். ஆஸ்பெரிக் திருத்தத்தை விட்டுவிட்டு வெறும் கோளமாகக் கணக்கிட்டால், பழைய விட்டத்தில் விளிம்புத் தடிமன் சுமார் 0.34 மி.மீ.; புதிய விட்டத்தில் 0.21. அவ்வளவு மெல்லிய ஓரத்தில் உருக்கிய பிளாஸ்டிக் ஓடி நிரம்ப வேண்டும். அதைத் தவிர்க்கத் தடிமனைக் கூட்டினாலோ முன் ஆரத்தை மாற்றினாலோ, முதல் லென்ஸின் குவியத் தூரம் மாறும். அப்போது நாம் பொருந்துகிறது என்று டிக் போட்ட மற்ற நிபந்தனைகள் நகரத் தொடங்கும். தையல் மெஷினில் பாபினை மாற்றுவதுபோல ஒன்றை மட்டும் கழற்றி மாட்ட முடியாது.

அதனால் இரண்டைக் காட்ட வேண்டும்: மாற்றத்துக்கான காரணம், மாற்றினால் வேலை செய்யும் என்ற நியாயமான எதிர்பார்ப்பு. இரண்டாவதற்கு வலுவான வழிகள் உண்டு. அதே ஆவணத்தின் இன்னொரு எடுத்துக்காட்டு, அதே திறன் வரிசையில் 2.05-ஐ எட்டியிருக்கலாம். அல்லது அதன் உரையே 'எஃப் எண் 1.8 முதல் 2.8 வரை' என்று சொல்லியிருக்கலாம். வரம்புகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் முதல்நோக்கில் ஆப்வியஸ் என்று கொள்ளலாம், இதற்கு வெர்ட்ஹைம் தீர்ப்பு உண்டு. இல்லாவிட்டால், எஃப் எண்ணை மாற்றினால் என்ன விளைவு வரும் என்று துறைக்குத் தெரிந்திருந்தது என்பதை ஆவணத்தோடு நிறுவி, விளைவு தெரிந்த அளவைச் சீராக்குவது ஆப்வியஸ் என்ற 1980-இன் போஷ் தீர்ப்பின் வழியே போகலாம். மூன்றில் இதுதான் நலிந்த வழி.

படி 6: பின்னோக்கிப் பார்க்கும் மயக்கம்

டெஸ்ஸாரை நினைத்துக்கொள்ளுங்கள். 1893-இல் டென்னிஸ் டெய்லர் மூன்று தனி லென்ஸ்களால் குக் டிரிப்லெட்டைச் செய்தார். 1902-இல் சைஸ் நிறுவனத்தின் பால் ருடால்ஃப் கொண்டுவந்த டெஸ்ஸாரின் படத்தைப் பார்த்தால், டிரிப்லெட்டின் கடைசி லென்ஸை இரண்டாக ஒட்டியது போலவே இருக்கும். 'ஒன்றை இரண்டாக்கினார், அவ்வளவுதானே!' என்று தோன்றும். ஆனால் ருடால்ஃப் வந்த பாதை வேறு: தன்னுடைய முந்தைய லென்ஸ்களான உனாரின் முன்பாதி, புரோட்டாரின் ஒட்டிய பின்பாதி. விடையைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கும்போது நாம் போடும் பாதை, உண்மையில் யாரும் நடக்காத பாதையாக இருக்கலாம். உங்கள் காரணம் முந்தைய ஆவணத்திலிருந்தோ துறை அறிவிலிருந்தோ வருகிறதா, விண்ணப்பத்தைப் படித்ததால் வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

படி 7: எழுதுவது

நிராகரிப்பை எழுதும்போது ஒவ்வொரு நிபந்தனைக்கும் அட்டவணை எண், எந்தப் பரப்பு, கணக்கு வரி, விடை நான்கையும் தாருங்கள். விடையை மட்டும் எழுதினால் விண்ணப்பதாரரால் சரிபார்க்க முடியாது. பதிலின் முதல் வரியிலேயே அதைப் பிடிப்பார்.

பதிலில் பெரும்பாலும் வருவது இதுதான்: ஆவணத்தின் லென்ஸை எஃப் 2.0-க்கு மறுசீரமைத்துப் பார்த்தோம், முதல் விகிதம் 1.3-க்குக் கீழே போய்விட்டது என்று ஒரு மென்பொருள் அச்சு. மிரள வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். எந்த மாறிகளைத் திறந்து விட்டார்கள், எவற்றைப் பூட்டினார்கள் என்று பாருங்கள். ஆஸ்பெரிக் குணகங்களைப் பூட்டிவிட்டு ஆரங்களை மட்டும் ஓடவிட்டிருந்தால், அந்த முடிவு அவர்கள் தேர்ந்த பாதையை மட்டுமே காட்டும். எல்லாவற்றையும் திறந்துவிட்டும் விகிதம் வெளியே போகிறது என்றால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு அடுத்த ஆவணத்தைத் தேடப் போங்கள்.