பெட்டிக்குள் பந்து அடுக்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன சனிக்கிழமை ராத்திரி சர்வர் அப்டேட்டுக்காக ஆட்டம் நின்றுபோயிருந்தது. டிஸ்கார்ட் வாய்ஸ் அறையில் ஏழு பேர் சும்மா உட்கார்ந்திருந்தோம். இந்த மாதிரி நேரங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் போடுவதற்கென்றே எங்கள் குழுவில் ஒரு புதிர் உண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 செ.மீ. உள்ள ஒரு பெட்டி. 1 செ.மீ. விட்டமுள்ள பந்துகள், எவ்வளவு வேண்டுமானாலும். பந்தை நசுக்கக் கூடாது, மூடி மூட வேண்டும். அதிகபட்சம் எத்தனை போடுவீர்கள்? கடைசியில் வருகிறவர் ஒரு மாதம் மெடிக்காக ஆட வேண்டும். அதாவது மற்றவர்கள் சுட்டுத் தள்ளிக்கொண்டு முன்னால் போக, இவர் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓட வேண்டும்.

அரை மணி நேரத்தில் ஒரு பையன் மைக்கைத் திறந்தான். “தேன்கூடு மாதிரி அடுக்கினா 1150தான் வருது அண்ணா. சதுரமா அடுக்கினா 1186, அதுதான் பெஸ்ட். இதுக்கு மேல யோசிக்க ஒண்ணுமில்ல.”

அந்த 1150 எனக்கு ரொம்பப் பழக்கமான எண். மூன்று வருடத்துக்கு முன்னால் இதே அறையில், இதே தெனாவட்டோடு நானும் அதைச் சொல்லியிருக்கிறேன். எழுத உட்கார்ந்ததே அதனால்தான். ஆரத்தையும் விட்டத்தையும் குழப்பிக்கொள்வது போன்ற தவறுகளுக்குள் நான் போகப்போவதில்லை. அவை இன்னொரு முறை பார்த்தாலே தெரிந்துவிடும்.

1000-த்தோடு உட்கார்ந்துவிடுவது

பத்துப் பத்தாகப் பத்து அடுக்கு, ஆக 1000. எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். அதில் தப்பில்லை. அப்புறம் அந்த ஆயிரத்தைக் கலைக்க மனசு வராமல், எந்த மூலையில் இன்னொன்றைச் செருகலாம் என்று தேடுவதுதான் தப்பு. எங்கேயும் செருக முடியாது. மொத்தத்தையும் கலைத்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் இதைத் தட்டையாகச் செய்து பாருங்கள். கேரம் ஆரம்பிக்கும்போது காய்களை எப்படி வைப்போம்? நடுவில் சிவப்பு, அதைச் சுற்றி 6, அதைச் சுற்றி 12. ஒவ்வொரு காயும் பக்கத்து இரண்டு காய்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். அப்படி உட்காரும் வரிசை 1 செ.மீ. இடத்தைக் கேட்காது, 0.866 போதும். 10-க்கு 10 தட்டில் 1 செ.மீ. வில்லைகளை இப்படி வைத்தால் 10, 9, 10, 9 என்று 11 வரிசை வரும். 60-ம் 45-ம் சேர்ந்து 105. அதோடு 0.34 செ.மீ. மிச்சமும் இருக்கும். அந்த மிச்சத்தைப் பயன்படுத்தி, இரண்டு இடத்தில் மட்டும் பள்ளத்தை விட்டுவிட்டுப் பத்துக்கு நேர் மேலே பத்தாக வையுங்கள். இப்போது பத்து வரிசை ஏழு, ஒன்பது வரிசை நான்கு. 106! ஒழுங்கைக் கொஞ்சம் குலைத்தால்தான் அந்தக் கூடுதல் ஒன்று கிடைக்கிறது. இதைக் கையால் ஒரு தடவை செய்தவர்களுக்கு 1000 மீது பிடிப்பு தானாக விட்டுப்போகும்.

74 சதவீதத்தை வைத்து வகுப்பது

கொஞ்சம் படித்தவர்கள் விழுகிற குழி இது. ஒரே அளவுப் பந்துகளை எப்படி அடுக்கினாலும் இடத்தில் சுமார் 74.05 சதவீதத்துக்கு மேல் நிரப்ப முடியாது என்று வானியலாளர் கெப்ளர் 1611-ல், பனித்துகளைப் பற்றிய ஒரு குட்டிப் புத்தகத்தில் எழுதினார். பழக்கடையில் ஆரஞ்சு குவித்திருப்பார்களே, அந்த அடுக்குதான் உச்சம். பார்த்தால் தெரிகிற விஷயம் மாதிரிதான் இருக்கும், ஆனால் நிரூபிக்கக் கிட்டத்தட்ட 400 வருடம் ஆனது. கணிதவியலாளர் தாமஸ் ஹேல்ஸ் 1998-ல் கணினி உதவியோடு ஒரு நிரூபணம் கொடுத்தார். சரிபார்த்தவர்கள் 99 சதவீதம் நிச்சயம் என்றார்கள். மிச்சம் ஒரு சதவீதத்தை விட மனமில்லாமல், ஒவ்வொரு படியையும் கணினியையே சரிபார்க்க வைத்து அதை 2014-ல் முடித்தார். மனுஷன் பிடிவாதக்காரர்.

சரி, பெட்டியின் 1000 கன செ.மீ.யில் அந்த 74.05 சதவீதத்தை, அதாவது 740.5-ஐ எடுத்து, ஒரு பந்தின் கன அளவான 0.5236-ஆல் வகுத்தால் 1414 வருகிறது. உடனே 1414-ஐத் தேடிக் கிளம்பிவிடுகிறார்கள். 74 என்பது சுவரே இல்லாத, முடிவில்லாத இடத்துக்கான கணக்கு. நம்முடைய பெட்டியோ பத்துப் பந்து அகலம்தான். அந்த ஆயிரம் பந்து அடுக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்: அதில் 488 பந்துகள் ஏதாவது ஒரு சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. பாதிக் கூட்டம் சுவரோரம் நிற்கும்போது 74 எங்கிருந்து வரும்? 1414-ஐ யாரும் தாண்ட முடியாது என்பது மட்டும் உண்மை. எங்கள் குழுவில் இதுவரை ஜெயித்த அடுக்கு பெட்டியில் நிரப்புவது 65.7 சதவீதம்தான்.

குலுக்கினால் இறங்கும் என்று நம்புவது

இறங்காது. கொட்டிக் குலுக்கிய பந்துகள் 64 சதவீத வாக்கில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். சுவரே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 1222. பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் பந்து மழை பொழியவிட்டு நாள் முழுக்க வேடிக்கை பார்ப்பது உங்கள் இஷ்டம்.

0.82 என்று எழுதுவது

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

என்னிடம் இரண்டு வழி இருந்தது. முதல் வழி சதுரம். கீழே பத்துக்குப் பத்து, 100. அதன் பள்ளங்களில் ஒன்பதுக்கு ஒன்பது, 81. மறுபடி 100, மறுபடி 81. ஒவ்வொரு அடுக்குக்கும் உயரம் 0.7071 ஏறுகிறது. 13 அடுக்கு கொள்ளும். 700-ம் 486-ம் சேர்த்து 1186.

இரண்டாவது வழி தேன்கூடு. கீழே கேரம் காய் மாதிரி 105, அதன் பள்ளங்களில் அடுத்த அடுக்கு. இதில் ஓர் அடுக்குக்கு ஏறும் உயரம் 2/3-ன் வர்க்கமூலம். கால்குலேட்டரில் 0.81649658 என்று வந்தது. நோட்டில் 0.82 என்று எழுதிக்கொண்டேன்.

முதல் அடுக்குக்கு 1 செ.மீ. போக மிச்சம் 9. ஒன்பதை 0.82-ஆல் வகுத்தால் 10.97. ஆக மேலே 10 அடுக்கு, கீழே இருப்பதோடு 11. அதில் ஆறு அடுக்கில் 105, ஐந்தில் 104. மொத்தம் 1150. சதுரம் 1186, தேன்கூடு 1150. முடிந்தது. “தேன்கூட்டுப் பக்கமே போகாதீங்க, வேஸ்ட்” என்று அறைக்கே அறிவித்தேன். தேன்கூட்டில் பாதிக் கணக்கு போட்டு வைத்திருந்த இரண்டு பேர் என் பேச்சைக் கேட்டு நிறுத்திவிட்டார்கள். மைக், ஸ்பீக்கர் இரண்டையும் அணைத்துவிட்டுத் தோசை சாப்பிடப் போயிருந்த ஒருவருக்கு மட்டும் என் அறிவிப்பு காதில் விழவில்லை. கை கழுவிவிட்டு வந்து 1254 என்று போட்டார்.

ஒன்பதை 0.8165-ஆல் வகுத்துப் பாருங்கள். 11.02. பன்னிரண்டாவது அடுக்கு உள்ளே போகிறது! மொத்த உயரம் 9.98 செ.மீ. பந்துக்கும் மூடிக்கும் நடுவே மிஞ்சுவது 0.2 மி.மீ.கூட இல்லை, நோட்டுத் தாள் ஒன்றிரண்டு செருகலாம். அந்த இடைவெளியைத் தெரியாமல் நான் அடைத்துவிட்டதில் போனது 104 பந்து.

இன்றைக்கும் எரிச்சலாக இருப்பதற்குக் காரணம், கணக்கு தெரியாமல் தோற்கவில்லை என்பதுதான். அன்று சாயங்காலம் முழுக்க நான் இப்படித்தான் சுருக்கிக்கொண்டிருந்தேன், ஒன்றும் ஆகவில்லை. 0.866-ஐ 0.87 என்று போட்டும் தட்டில் 106 சரியாக உட்கார்ந்தது, உயரம் 9.96. 0.7071-ஐ 0.71 என்று போட்டும் 13 அடுக்கு 9.52-ல் அடங்கியது. இரண்டு தடவை தப்பித்த தைரியத்தில் மூன்றாவதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. போகட்டும், 10.97 என்று ஒரு விடை கண்ணெதிரே வந்ததே! முழு எண்ணுக்கு இவ்வளவு பக்கத்தில் ஒரு விடை நின்றால், விட்ட தசமங்களைத் திரும்ப எடுத்து இன்னொரு முறை போட வேண்டும் என்று உறைக்க வேண்டாமா? நான் 0.97-ஐ வெட்டிப் போட்டுவிட்டுப் பெருமையாக மைக்கைத் திறந்தேன்.

இதில் இன்னொன்றும் உண்டு. சதுரமாக அடுக்கினாலும் தேன்கூடாக அடுக்கினாலும் நெருக்கம் ஒன்றேதான், இரண்டும் அதே 74. சதுர அடுக்கைச் சாய்த்துப் பார்த்தால் அதற்குள்ளேயே தேன்கூட்டு முகம் தெரியும். ஆகவே எது ஜெயிக்கும் என்பதைச் சுவரில் மிஞ்சும் அந்தத் துளி இடம் மட்டுமே தீர்மானிக்கிறது. ஆட்டமே தசமத்தில் இருக்கிறது. நான் தசமத்தைத்தான் தூக்கிப் போட்டேன்.

எல்லா அடுக்கும் ஒரே எண்ணிக்கை என்று பெருக்குவது

105-ஐ 12-ஆல் பெருக்கி 1260 என்று போடுகிறவர்கள் மாதம் ஒருவராவது வருகிறார்கள். இரண்டாவது அடுக்கு பள்ளத்தில் உட்கார அரைப் பந்து பக்கவாட்டிலும் 0.29 செ.மீ. முன்னாலும் நகர்ந்தாக வேண்டும். நகர்ந்தால் அதன் முதல் வரிசையில் ஒன்பதுதான் கொள்ளும். ஒன்பது வரிசை ஆறு, பத்து வரிசை ஐந்து, ஆக 104. ஆறு அடுக்கில் 105, ஆறில் 104, அதனால்தான் 1254. அந்த 1260-ல் ஆறு பந்து சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே நிற்கும்.

மூன்றாவது அடுக்கிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அதை முதல் அடுக்குக்கு நேர் மேலேயும் வைக்கலாம், இரண்டிலும் சேராத மூன்றாவது இடத்திலும் வைக்கலாம். பழக்கடைக்காரர் அடுக்குவது மூன்று இடமும் மாறி மாறி வருகிற வகை. முடிவில்லாத இடத்தில் இரண்டும் ஒன்றுதான். நம் பெட்டியில் அந்த மூன்றாவது இடம் 0.58 செ.மீ. தள்ளிப்போவதால் பதினோராவது வரிசை சுவரில் இடிக்கும், பத்து வரிசைதான், 95 பந்துதான். அப்படியே 12 அடுக்கு போனால் 1216. பழக்கடையைப் பார்த்துக் காப்பியடித்தால் 38 பந்து நஷ்டம்.

ஆரியபட்டரைக் கூப்பிடுவது

499-ல் அவர் கொடுத்த குவியல் சூத்திரம் முக்கோண அடிவைத்துக் கூம்பிக்கொண்டே போகும் குவியலுக்கு. பெட்டிக்கு இல்லை.

எண்ணை மட்டும் போஸ்ட் செய்வது

ஒவ்வொரு பந்தின் மையமும் எங்கே இருக்கிறது என்று 1254 வரி கொடுங்கள், இல்லையென்றால் ஏற்க மாட்டோம். 7,85,631 ஜோடிகளின் இடைவெளியைச் சரிபார்க்கச் சின்ன ஸ்கிரிப்ட் போதும். ஸ்கிரிப்ட் எழுதுகிறவர் கவனிக்க வேண்டியது: ஒன்றையொன்று தொடும் பந்துகளின் தூரத்தைக் கணினி 0.9999999998 என்று காட்டும். துளி சலுகை வைக்காவிட்டால் நல்ல அடுக்கையும் ‘இடிக்கிறது’ என்று திருப்பி அனுப்பிவிடும். அதற்காக 0.01 அளவுக்குச் சலுகை வைத்தீர்கள் என்றால் நம் பன்னிரண்டாவது அடுக்கு மாதிரி விஷயங்களில் அர்த்தமே இருக்காது.

கணக்கு முடியும் முன் பந்தயம் கட்டுவது

கட்டாதீர்கள். சனிக்கிழமை அந்தப் பையன் கட்டிவிட்டான். அவன் 0.82 போட்டிருக்கிறான் என்று எனக்கு அப்போதே தெரியும், ஆனால் ஒரு மாதமாக மெடிக் ஆள் கிடைக்காமல் நாங்களும் திண்டாடிக்கொண்டிருந்தோம்.