பழைய ரேடியோ நீர்மூழ்கியை மறுபடி தண்ணீரில் இறக்குவது எப்படி

பழைய ரேடியோ நீர்மூழ்கி மாடல் ஒன்று கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் போவது பெயின்டுக்குத்தான். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். படகு மாடல் கெட்டுப்போனால் மிதந்துகொண்டு நிற்கும், நீர்மூழ்கி கெட்டால் அடியில் போய் உட்கார்ந்துவிடும், வேலூர்ப் பக்கத்தில் அந்த அடி என்பது பெரும்பாலும் ஆழமான பாசனக் கிணறு. அதனால் எந்த வேலையைத் தொட்டாலும் ஒரே கேள்வியோடு தொடுங்கள்: உள்ளே எல்லாமே நின்றுபோனாலும் இது தானாக மேலே வருமா?

உள்ளே ஏற்கெனவே தண்ணீர் போயிருந்தால் வேறு எதையும் பார்க்கும் முன் பேட்டரியைக் கழற்றுங்கள். நம் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு, காய்ந்தால் சர்க்யூட் போர்டு மேல் வெள்ளையாகப் படியும், அடுத்த முறை கொஞ்சம் ஈரம் பட்டாலும் அந்தப் படிவு வழியாகவே கரன்ட் கசியும். பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்ட் வாட்டரில் போர்டை அலசி, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பழைய டூத் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்து, நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். பச்சைக் களிம்பு ஏறிய கனெக்டரைச் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டாம், வெட்டிவிட்டுப் புதிதாகச் சால்டர் வையுங்கள். ஒன்று முக்கியம்: அந்த ஆல்கஹாலோ தின்னரோ பெட்ரோலோ இதையெல்லாம் உள்ளே வைத்து மூடும் அக்ரிலிக் குழாய் மேல் படக்கூடாது, மயிரிழை மயிரிழையாக விரிசல் விட்டுவிடும். குழாய்க்குச் சோப்புத் தண்ணீரே போதும்.

மோட்டார், சுக்கானை அசைக்கும் சர்வோ, சிக்னலை வாங்கும் ரிசீவர் எல்லாம் உட்காரும் அந்த நீர்புகாக் குழாய்தான் நீர்மூழ்கியே, வெளியே இருக்கும் உடல் வெறும் சட்டை. தண்ணீர் நுழையும் முக்கிய வழிகள் மூன்று: இரண்டு பக்க மூடிகளின் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், புரொப்பெல்லர் ஷாஃப்ட் வெளியே வரும் சீல், சர்வோவின் தள்ளுகம்பி வெளியே வரும் ஓட்டை. பழைய ஓ-ரிங்கை யோசிக்காமல் மாற்றுங்கள். இதற்கு ஆன்லைனில் தேட வேண்டியதே இல்லை, வட ஆற்காட்டில் போர்வெல் இல்லாத ஊர் கிடையாது, சப்மெர்சிபிள் மோட்டார் பழுது பார்க்கும் பட்டறைகளில் ஓ-ரிங்கும் ஆயில் சீலும் அளவு அளவாக வைத்திருப்பார்கள். பழைய ரிங்கைக் கையில் கொண்டுபோய் “அண்ணே, இந்த அளவுல நைட்ரைல் ரிங் இருக்கா?” என்று கேளுங்கள், தண்ணீருக்குள் ஓடும் மோட்டாரைத் தினமும் பிரித்துப் பூட்டுகிறவர்களுக்கு நம் பிரச்சினை சொல்லாமலே புரியும். மூடி பூட்டியதும் ரிங் தன் தடிமனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நசுங்க வேண்டும். பூசுவதற்கு சிலிக்கான் கிரீஸ், அதுவும் மினுமினுக்கும் அளவுக்கு மட்டும். பூசிய பிறகு விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள், ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாலும் அதன் ஓரமாகத் தண்ணீர் வந்துவிடும். ஷாஃப்ட்டில் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் புது சீல் போட்டும் பயனில்லை, லேத் பட்டறையில் புது ஸ்டெயின்லெஸ் கம்பி வெட்டி வாங்குங்கள். லேசான கோடு என்றால் 1000 நம்பர் வாட்டர் பேப்பரில் போய்விடும். தள்ளுகம்பிக்கு மடிப்பு மடிப்பான ரப்பர் உறை போதும், ஆனால் வெடிப்பு மடிப்புக்குள்ளேதான் ஒளிந்திருக்கும், விரித்துப் பாருங்கள்.

கசிவு சோதிக்க ஒரு மூடியில் சைக்கிள் டியூப் வால்வைப் பொருத்தி, ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சால் கொஞ்சம் காற்று ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பிடியுங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. பம்ப் வைத்து அடிக்காதீர்கள், மூடி தெறித்து முகத்தில் அடிக்கும். அப்புறம் காற்றை விட்டுவிட்டு, இரண்டு மூடிக்குப் பக்கத்திலும் டிஷ்யூ பேப்பர் வைத்து, ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டுவையுங்கள். எந்தப் பக்கத்துப் பேப்பர் நனைந்திருக்கிறதோ அந்தப் பக்கம் வேலை பாக்கி.

இங்கே நம் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், ஸ்கூட்டர் சீட் மேல் வைத்த குழாய்க்குள் காற்று சுலபமாக 45 டிகிரிக்குப் போகும். அப்படியே மூடி 27 டிகிரித் தண்ணீரில் இறக்கினால் உள்ளே அழுத்தம் 100-க்கு 5, 6 பங்கு குறையும், அது அரை மீட்டருக்கும் மேல் ஆழத்தில் இருக்கும் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமம். அதாவது மாடல் இன்னும் மிதந்துகொண்டிருக்கும்போதே சீல் வழியாக உள்ளே உறிஞ்ச ஆரம்பித்துவிடும். குழாயைத் தண்ணீரில் பாதி மிதக்கவிட்டு ஆறவைத்து, அதன் பிறகு வால்வை மூடுங்கள், இந்தத் தொல்லை போய்விடும்.

அடுத்தது எடை. மூழ்கத் தண்ணீர் நிரப்பி, மேலே வரக் காலி செய்யும் பாலாஸ்ட் டாங்க் 300 மில்லி பிடிக்கும் என்றால் தண்ணீரை வெளியேற்றும்போது 300 கிராம் தூக்கும், கணக்கு அவ்வளவுதான். உடலுக்குள் தண்ணீர் தானே நிரம்பும் வகை மாடலில், மேலே வந்ததும் நீர்மட்டத்துக்கு வெளியே நிற்கும் கோபுரம், மேல்தளத் தகடு, மிதப்புக்காக வைக்கும் நுரை, குழாயின் வெளித்தெரியும் பகுதி ஆகியவற்றின் கனஅளவுக்கு டாங்க் ஈடாக இருக்க வேண்டும். முதலில் டாங்கை நிரப்பி, கோபுர நுனி மட்டும் தண்ணீருக்கு வெளியே எட்டிப்பார்க்கும்படி ஈயம் வையுங்கள், அந்த மிச்ச மிதப்பைத் தொடவே தொடாதீர்கள். கீழே போவது மாடலைக் கீழ்நோக்கிச் சாய்க்கும் டைவ் பிளேன் என்ற சின்ன இறக்கையும் வேகமும் சேர்ந்து செய்யும் வேலை, மோட்டார் நின்றால் தானாக மேலே வரும். பிறகு டாங்கைக் காலி செய்து நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நுரைத்துண்டு நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் இரண்டு நிலையிலும் தூக்கும், மேலே இருந்தால் மூழ்கும்போது மட்டும் தூக்கும். இது புரிந்துவிட்டால் நுரையை ஒரு விரல் அகலம் ஏற்றி இறக்கியே எல்லாவற்றையும் சரி செய்துவிடலாம். ஈயம் எப்போதும் அடியில், நுரை எப்போதும் மேலே, மாறினால் புரண்டுவிடும்.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் செருப்பு அட்டைக்கான ஈ.வி.ஏ. நுரை எளிதாகக் கிடைக்கிறது என்று அதை வெட்டிப் போடாதீர்கள். அது மெத்தென்று இருக்கும், ஆழம் போகப் போகச் சுருங்கும், சுருங்கினால் தூக்கும் சக்தி குறையும், குறைந்தால் இன்னும் ஆழம் போகும். நகத்தால் அமுக்கினால் எளிதில் பள்ளம் விழாத கெட்டி நுரைதான் வேண்டும்.

ரேடியோவில் பலரும் ஏமாறும் இடம் 2.4 கிகாஹெர்ட்ஸ். ட்ரோன், கார், விமானம் எல்லாவற்றுக்கும் இப்போது அதுதான், ஆனால் அந்த அலை தண்ணீருக்குள் சில அங்குலத்திலேயே செத்துவிடும். நீர்மூழ்கிக்கு 27, 40, 75 மெகாஹெர்ட்ஸ் போன்ற பழைய செட்தான் சரி, மாடலோடு அது வந்திருந்தால் தூக்கிப் போடாதீர்கள். தண்ணீரில் உப்பு ஏற ஏற இவற்றின் வீச்சும் குறையும். ஆன்டெனா கம்பியை உடலின் நீளவாக்கில் விட்டு, நுனியை எப்பாக்ஸியால் அடையுங்கள், வெறும் செம்பு தண்ணீரைத் தொடக்கூடாது. சிக்னல் போனாலும் பேட்டரி இறங்கினாலும் டாங்க் தானாகக் காலியாகும்படி ஃபெயில்சேஃப் வைப்பது கட்டாயம். கரையில் வைத்து டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பாருங்கள், டாங்க் வேலை செய்யாவிட்டால் அன்றைக்குத் தண்ணீரே வேண்டாம். சார்ஜ் போடும்போது மூடி திறந்தே இருக்கட்டும். லெட்-ஆசிட் பேட்டரி ஹைட்ரஜன் விடும், மூடிய குழாய்க்குள் ஒரு பொறி பட்டால் வெடிக்கும்.

இதெல்லாம் முடிந்த பிறகு அலங்காரம். நம் கடற்படையின் முதல் நீர்மூழ்கியான ஐ.என்.எஸ். கல்வரி 1967 டிசம்பர் 8 அன்று சேவைக்கு வந்தது. அதே ஃபாக்ஸ்ட்ராட் என்ற சோவியத் வகையைச் சேர்ந்த குர்சுரா விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது, ஒருமுறை நேரில் சுற்றிப் பார்த்து, உடலில் தண்ணீர் வடியும் துளைகளைப் படம் எடுத்துக்கொண்டால் மாடலுக்கு அதைவிட நல்ல வரைபடம் இல்லை. நிஜக் கப்பல் 91 மீட்டர், 96-ல் ஒரு பங்காகச் செய்தால் 95 செ.மீ. வரும். இந்த வகைக்கு மூன்று புரொப்பெல்லர், அதாவது மூன்று சீல். நடு ஷாஃப்டை மட்டும் ஓடவிட்டு மற்ற இரண்டையும் பொம்மையாக வெளியிலேயே ஒட்டிவிடுங்கள் என்பதே என் அபிப்பிராயம். மேல்தளத்தில் காற்று வெளியேறச் சின்னச் சின்ன ஓட்டைகள் அவசியம், காற்று எங்கேயாவது சிக்கினால் ஒவ்வொரு முறையும் எடை வேறு வேறாகக் காட்டும்.

முதல் ஓட்டத்துக்கு நீச்சல் குளம் கிடைத்தால் அதுவே நல்லது. கோட்டை அகழி வேண்டாம், அது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம், தண்ணீரும் கலங்கல். கிணறு என்றால் படிக்கட்டு உள்ள கிணறாகப் பாருங்கள், கிணற்றுக்காரரிடம் சொல்லி மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்கள், சின்னப் பிள்ளைகளை விளிம்பில் நிற்க விடாதீர்கள். தூண்டில் நரம்பில் ஒரு தெர்மாக்கோல் கட்டையைக் கட்டி மாடலோடு இணைத்துவிடுங்கள், நரம்பு கிணற்றின் ஆழத்தைவிட நீளமாக இருக்கட்டும். நரம்பு புரொப்பெல்லரில் சுற்றாதபடி முன்பக்கத்தில் கட்டுங்கள். கரைக்கு வந்ததும் உடலைத் துடைத்துவிட்டு உடனே மூடியைத் திறந்து டிஷ்யூவைத் தொட்டுப் பாருங்கள், உலர்ந்திருந்தால் அடுத்த முறை இன்னும் ஒரு மீட்டர் ஆழம் போகலாம்.