அழிக்காதே, அடித்து எழுது: கார்டு ஆட்டத்துக்கு ஒரு சிட்டை

"உனக்கு இருக்கிறது 2700தான்."

"இல்லை, 3200."

அக்கா மகனும் பக்கத்து வீட்டுப் பையனும் இதற்கு மேல் நகரவில்லை. கோபிச்செட்டிபாளையத்தில் அக்கா வீட்டுத் திண்ணை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், யூ-கி-ஓ கார்டு ஆட்டம். அதுவரை அருமையாகப் போய்க்கொண்டிருந்தது. சண்டை, ஒருவனுக்கு மீதி இருக்கும் லைஃப் பாயிண்ட் எவ்வளவு என்பதில்; அது தீர்ந்தால் தோல்வி. இரண்டு பேருமே பொய் சொல்கிற பையன்கள் இல்லை. ஒருவன் கணக்கைப் போனில் கால்குலேட்டரில் வைத்திருந்தான், இன்னொருவன் மனசில் வைத்திருந்தான். கால்குலேட்டரில் கடைசி எண் மட்டும்தான் நிற்கும், அது எந்த வழியாக வந்தது என்று கேட்டால் அதற்குப் பதில் தெரியாது. "நீங்களே சொல்லுங்க மாமா" என்று என்னிடம் வந்தார்கள். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆட்டத்தைப் பாதியில் கலைத்துவிட்டு எழுந்தார்கள். அன்றைக்கு அந்த இரண்டு முகங்களும் வாடிப்போனது எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த வாரம் போகும்போது இரண்டு 40 பக்க நோட்டும் இரண்டு பேனாவும் வாங்கிக்கொண்டு போனேன்.

எங்கள் அப்பா ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் முப்பது வருஷம் கணக்கு எழுதினவர். பள்ளிக்கூடம் லீவு விட்டால் நானும் கூடப் போய் உட்கார்ந்துகொள்வேன். தராசில் மூட்டையை ஏற்றியதும் எடை போடுகிறவர் "அறுபத்து நாலு" என்று குரல் கொடுப்பார். அப்பா "அறுபத்து நாலு" என்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் சிட்டையில் எழுதுவார். மஞ்சள் கொண்டுவந்த விவசாயி அதைக் கேட்டுக்கொண்டு நிற்பார். மூன்று பேர் காதிலும் விழுந்த எண்தான் சிட்டையில் ஏறும். கை தவறி எழுதிவிட்டால் ரப்பர் போடுகிற பேச்சே கிடையாது. ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதுவார். அடித்த எண்ணும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். "அழிச்சா சந்தேகம் வரும் கண்ணு, அடிச்சு எழுதினா வராது" என்பார்.

கார்டு ஆட்டத்துக்கு நான் சொல்லப்போவது முழுக்க அந்தச் சிட்டைதான். மீதி எவ்வளவு என்பதை மட்டும் வைத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு கழிவையும் ஒவ்வொரு வரவையும் அது வந்த காரணத்தோடு எழுதுங்கள்.

யூ-கி-ஓவிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எண் பெரிதாக இருப்பதால் அதிகம் தப்பு வருவது அதில்தான். ஆளுக்கு 8000 லைஃப் பாயிண்ட்டில் ஆட்டம் தொடங்கும். பக்கத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுங்கள். இடது பக்கம் உங்கள் பெயர், வலது பக்கம் எதிராளி பெயர், இரண்டுக்கும் கீழே 8000. இனி லைஃப் மாறும் ஒவ்வொரு தடவையும் ஒரு புது வரி. அதில் மூன்று விஷயம் வேண்டும்: எவ்வளவு போனது, மீதி எவ்வளவு, எதனால் போனது. காரணத்துக்கு ஒரு சொல் போதும். என் நோட்டில் ஒரு ஆட்டத்தின் இடது பத்தி இப்படி இருக்கிறது:

8000
−500, 7500, ப்ளூ-ஐஸ்
−3000, 4500, நேரடி
பாதி, 2250, சாலம்

இதை வைத்து அந்த ஆட்டத்தையே திருப்பிச் சொல்லிவிடலாம். எதிராளியின் ப்ளூ-ஐஸ் ஒயிட் டிராகன் கார்டுக்குத் தாக்கும் பலம் 3000. தாக்கும் நிலையில் இருந்த என் டார்க் மெஜிஷியன் கார்டுக்கு 2500. வித்தியாசம் 500 என் கணக்கில் கழிந்தது. அப்புறம் என் பக்கம் காவலுக்கு யாரும் இல்லாதபோது அதே டிராகன் நேராக என்னை அடித்தது, முழுசாக 3000 போனது. கடைசியில் சாலம் ஜட்ஜ்மென்ட் கார்டைப் போட்டேன். அதற்கு விலை கையில் இருக்கும் லைஃப் பாயிண்ட்டில் சரிபாதி. 4500இல் பாதி 2250.

கடைசி இரண்டு சைபரை விட்டுவிட்டு 80, 75, 45 என்று சுருக்கி எழுதச் சில பையன்கள் கேட்பார்கள். வேண்டாம். பாதியாகும் கார்டு ஒன்று வந்தால் 2250 மாதிரி எண் வந்து நிற்கும், அந்த 50 எங்கேயாவது தொலைந்துபோகும். எண்ணை முழுசாக எழுதுங்கள். ஒருவர் முறை முடிந்து அடுத்தவர் முறை ஆரம்பிக்கும் இடத்தில் இரண்டு பத்திக்கும் குறுக்கே ஒரு சின்னக் கோடு போட்டுவிடுங்கள். தகராறு வந்தால் எந்த முறைவரை இரண்டு நோட்டும் ஒத்துப்போகிறது என்று அந்தக் கோடுகளை வைத்துப் பின்னால் நடந்து போய்ப் பார்க்கலாம்.

நோட்டு வந்த மூன்றாவது ஞாயிறு, பழைய 500 திரும்ப வந்தது. ஒருவன் நோட்டில் 4100, இன்னொருவன் நோட்டில் 3600. இந்தத் தடவை யாரும் எழுந்திருக்கவில்லை. இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கோடு கோடாக மேலே போனோம். நாலாவது கோட்டில் கிடைத்தது. ஒரு நோட்டில் "−500, தற்காப்பு" என்று இருந்தது, மற்றதில் அந்த வரியே இல்லை. பையன் 3000 பலத்தில் அடித்திருக்கிறான், எதிரே இருந்த கார்டு 2500 தற்காப்பில் படுத்திருந்தது. வித்தியாசம் 500 என்று எதிராளிக்குக் கழித்துவிட்டான். ஆனால் தற்காப்பு நிலையில் இருக்கும் கார்டைப் பெரிய பலத்தால் அடித்தால் அந்தக் கார்டு மட்டும்தான் அழியும். ஊடுருவி அடிக்கும் சக்தி உள்ள கார்டாக இல்லாவிட்டால் அதன் சொந்தக்காரருக்கு ஒன்றும் குறையாது. தற்காப்பு எண் பெரிதாக இருந்தால்தான் கணக்கில் மாற்றம், அதுவும் அடித்தவருக்குத்தான் கழியும். 1800 பலத்தோடு போய் 2100 தற்காப்பில் மோதினால் மோதியவருக்கு 300 நட்டம். அந்த வரியில் ஒரு கோடு போட்டு அடித்தான், கீழே உள்ள மீதிகளையும் அடித்து எழுதினான், ஆட்டம் தொடர்ந்தது. முதல் வாரத்துச் சண்டைக்கும் இதே குழப்பம்தான் காரணமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு எழுதி வைக்காததால் அதை இனிக் கண்டுபிடிக்க வழியில்லை.

எழுதுவதில் பாதி, வாய்விட்டுச் சொல்வது. எங்கள் அப்பாரு (தாத்தா) களத்தில் வள்ளம் என்ற அளவுப் படியால் நெல் அளக்கும்போது "லாபம், ரெண்டு, மூணு" என்று குரல் கொடுத்துத்தான் அளப்பார். ஒன்று என்று சொல்ல மாட்டார், முதல் எண் லாபம். அளக்கிறவர் வாயை மூடிக்கொண்டு அளந்தால் வாங்குகிறவர் ஒத்துக்கொள்ள மாட்டார். கார்டிலும் அப்படியே செய்யுங்கள். யாருக்குக் குறைகிறதோ அவரே பழைய எண்ணையும் புது எண்ணையும் சொல்லட்டும்: "12 இருந்தது, இப்போ 9." எதிராளி "9" என்று திருப்பிச் சொன்ன பிறகுதான் பேனா பேப்பரில் படவேண்டும். இன்னொரு கார்டு ஆட்டமான மேஜிக் த கேதரிங்கின் போட்டி விதிகளிலேயே, லைஃப் மாறினால் புது எண்ணை வாயால் அறிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. எதிராளி கணக்கில் தப்பு தெரிந்தால் உடனே சொல்லிவிட வேண்டும், அது உங்களுக்குச் சாதகமான தப்பாக இருந்தாலும் சரி. இந்த ஒன்றில் நான் பையன்களிடம் கண்டிப்பாக இருக்கிறேன்.

மேஜிக் பற்றிச் சொல்லும்போது பகடையைச் சொல்லாமல் முடியாது. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கி 1993இல் வந்த ஆட்டம் அது. ஆளுக்கு 20 லைஃப். இதற்கென்றே 20 முகப் பகடை ஒன்று உண்டு, 20க்குப் பக்கத்தில் 19, அதற்குப் பக்கத்தில் 18 என்று வரிசையாக எண் இருக்கும், திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டே போகலாம். சாதாரண 20 முகப் பகடையில் எண்கள் சிதறிக் கிடக்கும், ஒன்றைக் குறைக்கவே பகடையைச் சுற்றிச் சுற்றித் தேட வேண்டியிருக்கும். வரிசைப் பகடை பார்க்க அழகு, தூரத்திலிருந்தும் தெரியும். ஆனாலும் அதை மட்டும் நம்பாதீர்கள். எங்கள் திண்ணையில் இடம் போதாமல் கயிற்றுக் கட்டிலில் கார்டு பரப்பி ஆடுவார்கள். ஒரு பையன் தண்ணீர் குடிக்க எழுந்தால் கட்டில் குலுங்கும், 14 இருந்த பகடை 3ஐக் காட்டிக்கொண்டு கிடக்கும். லைஃப் கூட்டும் கார்டுகளால் 20ஐத் தாண்டிவிட்டால் பகடையில் அதற்கு முகமும் கிடையாது. பகடையைப் பார்வைக்கு வைத்துக்கொள்ளுங்கள், தகராறு வந்தால் நோட்டைத்தான் பார்க்க வேண்டும்.

மேஜிக்கிலேயே நாலு பேர் சேர்ந்து ஆடும் கமாண்டர் என்ற வகையில் இரண்டு பத்தி போதாது. ஆளுக்கு 40 லைஃப். இதுபோக, ஒரே கமாண்டர் கார்டு (ஆளுக்கொரு தலைவர் கார்டு) ஒருவரை மோதலில் அடித்த அடி மொத்தம் 21ஐத் தொட்டால், லைஃப் எவ்வளவு மீதி இருந்தாலும் அவர் தோற்றார். சில கார்டுகள் கொடுக்கும் விஷக் குறி 10 சேர்ந்தாலும் தோல்விதான். ஆக ஒருவருக்கு ஒரு எண் என்று வைத்தால் சரிவராது. நாங்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எடுத்துக்கொள்கிறோம். மேலே லைஃப் பத்தி. கீழே மூன்று கட்டம், எதிராளி ஒவ்வொருவரின் கமாண்டருக்கும் ஒன்று. ஓரத்தில் விஷத்துக்கு ஒரு கட்டம். கமாண்டர் 5 அடித்தால் லைஃபில் 5 கழித்து, அந்தக் கமாண்டரின் கட்டத்தில் 5 கூட்ட வேண்டும். ஒரே அடியை இரண்டு இடத்தில் எழுதுகிறோம் என்பதைப் புதிதாக வருகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். மூன்று பேர் அடியையும் ஒரே கட்டத்தில் கூட்டி 21 ஆகிவிட்டது என்று ஒருவரை வெளியே அனுப்புவதும் நடக்கிறது. அது தப்பு, ஒவ்வொரு கமாண்டருக்கும் தனிக் கணக்கு.

போக்கிமான் கார்டு ஆட்டத்தில் ஆளுக்கு லைஃப் கிடையாது. அடி கார்டின் மேலேயே விழும். அதற்குரிய டோக்கன் இல்லாவிட்டால் புளியங்கொட்டை போதும். எங்கள் வீட்டில் புளியங்கொட்டைக்கு 10, தாயக்கரம் ஆடும் சோழிக்கு 50. 130 அடி என்றால் இரண்டு சோழி, மூன்று கொட்டை. களத்திலிருந்து பின்வரிசைக்குப் போனாலும், அடுத்த உருவத்துக்கு வளர்ந்தாலும் அடி கூடவே வரும், கொட்டையை எடுத்துவிடாதீர்கள். விஷம் பட்ட கார்டுக்கு ஒவ்வொரு முறை முடிவிலும் ஒரு கொட்டை கூடும். தூங்கும் கார்டை இடப்பக்கமும், செயலிழந்த கார்டை வலப்பக்கமும் திருப்பி வைப்பது, குழம்பிய கார்டைத் தலைகீழாக வைப்பது என்று விதியே இருக்கிறது. அதனால் நிலையைத் தனியாக எழுத வேண்டியதில்லை. வெற்றிக் கணக்கு ஆறு பரிசுக் கார்டில் இருக்கிறது. எதிராளியின் கார்டை வீழ்த்தினால் ஒன்று எடுக்கலாம், இ.எக்ஸ். (ex) என்று பெயரில் போட்ட பலமான வகையாக இருந்தால் பெரும்பாலும் இரண்டு. இதற்கு நோட்டே வேண்டாம், மீதிக் கார்டை எண்ணினால் தெரிந்துவிடும். பெட்டிக்கடையில் தங்க நிறத்தில் தொங்கும் போலிக் கார்டுகளை மட்டும் இதில் கலக்காதீர்கள். நான் பார்த்த சிலவற்றில் எச்.பி. எண், அதாவது கார்டு எவ்வளவு அடி தாங்கும் என்ற எண், நம்பமுடியாத அளவுக்கு இருந்தது, அதை வைத்து எந்தக் கணக்கும் நிற்காது.

போன் செயலிகளும் இருக்கின்றன. பழைய மாற்றங்களை வரிசையாகக் காட்டும் செயலியாக இருந்தால் பரவாயில்லை. ஆனாலும் நடுவில் அழைப்பு வரும், திரை அணையும், சார்ஜ் இறங்கும். எனக்கு நோட்டுதான் பிடிக்கிறது.

ஏழெட்டுப் பேர் கூடிவிட்டால் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல். மேஜிக், போக்கிமான் போட்டிகளில் வெற்றிக்கு 3, சமனுக்கு 1, தோல்விக்கு 0 என்பதுதான் முறை. நாங்கள் எல்லா ஆட்டத்துக்கும் அதையே வைத்துக்கொண்டோம். எட்டுப் பேருக்கு மூன்று சுற்று. ஒரே புள்ளி உள்ளவர்களை அடுத்த சுற்றில் எதிரெதிரே உட்கார வைத்தால், சமன் ஏதும் வராதவரை, மூன்றாவது சுற்றின் முடிவில் முதல் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

மண்டியில் எடை முடிந்ததும் அப்பா சிட்டையை விவசாயி பக்கம் திருப்பி வைத்துக் கையெழுத்து வாங்குவார். இங்கேயும் ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேரும் மற்றவர் நோட்டை வாங்கிக் கடைசி வரியைப் பார்த்து, அடியில் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட வேண்டும். போட்ட பிறகு அந்தப் பக்கத்தில் யாரும் பேனா வைப்பதில்லை. அடுத்த ஆட்டத்துக்குப் புதுப் பக்கம், மேலே தேதி, நடுவில் கோடு, இரண்டு பக்கமும் 8000.