வெக்டரா, அரேயா: சி++ நிரலில் வேகத்தைக் கெடுக்கும் தவறுகள்

அளவு மாறாத நிலையான அரே வேகம், தேவைக்கேற்ப வளரும் வெக்டர் மந்தம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். ஓர் உறுப்பைப் படிப்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. நேரம் போவது வெக்டர் வளரும்போதுதான்.

இடம் நிரம்பியதும் வெக்டர் இன்னும் பெரிய இடம் கேட்டு வாங்கி, எல்லா உறுப்புகளையும் அங்கே மாற்றிவிட்டுப் பழையதை விடுவிக்கிறது. கொள்ளளவு (வாங்கி வைத்திருக்கும் இடம்) ஜிசிசி கம்பைலரில் இரட்டிப்பாகும், மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் ஒன்றரை மடங்காகும். ஜிசிசியில் 10 லட்சம் எண்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தால் 21 முறை இடம் வாங்கி, 10,48,575 நகர்த்தல்கள் நடக்கும். முதலிலேயே ரிசர்வ் (இவ்வளவு இடம் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கும் கட்டளை) போட்டால் ஒரே முறை இடம் வாங்கினால் போதும், நகர்த்தலே இராது.

அந்த ரிசர்வையே லூப்புக்குள் போடுவதுதான் மிக மோசமான தவறு. 100 எண்களைச் சேர்க்கும் முன் ஒவ்வொரு தடவையும் 'இப்போதைய அளவு + 100' என்று கேட்டால், ஜிசிசி கேட்டதை மட்டுமே தரும். இரட்டிப்பு வளர்ச்சி நின்றுபோகும். அதே 10 லட்சத்துக்கு நகர்த்தல்கள் சுமார் 500 கோடியாகிவிடும்! மொத்த எண்ணிக்கை தெரிந்தால் லூப்புக்கு வெளியே ஒருமுறை போடுங்கள். தெரியாவிட்டால் ரிசர்வைத் தொடாமல் விடுங்கள்.

ரிசர்வுக்குப் பதில் ரிசைஸ் (உறுப்புகளையே உருவாக்கிவிடும் கட்டளை) எழுதிவிட்டு புஷ்_பேக் (கடைசியில் ஓர் உறுப்பைச் சேர்ப்பது) செய்தால், முதல் 10 லட்சம் இடங்களில் பூஜ்ஜியமும் அதற்குப் பின்னால் உங்கள் தரவும் இருக்கும்.

சொந்தமாக கிளாஸ் எழுதுகிறவர்கள் மூவ் கன்ஸ்ட்ரக்டரில் (பொருளை நகலெடுக்காமல் நகர்த்தும் பகுதி) நோஎக்செப்ட் (எக்செப்ஷன் எறியாது என்ற உறுதி) போட மறக்கக் கூடாது. அது இல்லாவிட்டால், நகலெடுக்க முடிகிற வகையை வெக்டர் வளரும்போது நகர்த்தாமல் நகலெடுக்கும். உள்ளே நீளமான ஸ்டிரிங்குகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புதிதாக இடம் வாங்க வேண்டியிருக்கும். வெக்டர் இடம் மாறி வளர்ந்த பிறகு, உறுப்புகளைச் சுட்டிய பழைய பாயின்டர்களும் ரெஃபரன்ஸ்களும் செல்லாது. அவற்றைப் பயன்படுத்தினால், அட்ரஸ் சானிடைசர் என்ற நினைவகப் பிழை காணும் கருவி காட்டிக்கொடுக்கும். கிளியர் செய்து உறுப்புகளை நீக்கினாலும் கொள்ளளவு குறையாது.

நிலையான அரேயிலும் சிக்கல் உண்டு. ஃபங்ஷனுக்குள் 30 லட்சம் இன்ட் அறிவித்தால் 12 எம்பி ஸ்டாக் (ஃபங்ஷன்களுக்கான தற்காலிக நினைவகம்) வேண்டும். விண்டோஸில் இயல்பாகக் கிடைப்பது 1 எம்பி, லினக்ஸில் பெரும்பாலும் 8 எம்பி. நிரல் விழுந்துவிடும்.

எக்ஸ், ஒய், இசட் என்று எப்போதும் மூன்றே எண்கள் என்றால் நிலையான அரேதான் சரி. ஃபுளோட்டில் 12 பைட். அங்கே வெக்டர் வைத்தால் 64 பிட் கணினியில் தலைப்பகுதி (தரவு எங்கே, எவ்வளவு என்ற குறிப்பு) மட்டும் 24 பைட், 10 லட்சம் புள்ளிகளுக்கு ஹீப்பில் (நிரல் ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகம்) 10 லட்சம் தனி ஒதுக்கீடுகள்.