பெரிய இருவாச்சியின் கூட்டைத் தொலைவிலிருந்து கவனிக்கும் முறை

பெரிய இருவாச்சிப் பறவை (Great Hornbill) பெரும்பாலும் கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழுந்துவிடும். சிறகின் அடிப்புறத்தில் இறகுகளின் இடைவெளிகளை அடைக்கும் சிற்றிறகுகள் இதற்குக் குறைவு என்பதால், ஒவ்வொரு சிறகடிப்பிலும் காற்று ஊடே புகுந்து, நீராவி ரயில் மேடேறுவது போன்ற ஓசை எழுகிறது. ஆனைமலைப் பகுதியில், குறிப்பாக வால்பாறையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே எஞ்சிய சோலைகளில், இந்த ஓசையைச் சாலையோரத்தில் நின்றே கேட்க முடியும். புலிகள் காப்பகத்தின் எல்லைக்குள் செல்வதென்றால் வனத்துறையின் அனுமதி கட்டாயம்.

கூடு தேட உகந்த காலம் ஜனவரிக்குப் பிந்தைய மாதங்களாகும். முதுமரத்தின் பொந்துக்குள் பெண் பறவை நுழைந்து, தன் எச்சத்தையும் பழச்சதையையும் குழைத்து வாயிலைப் பூசி, அலகு மட்டும் நீளும் அளவுக்கு ஒரு செங்குத்துப் பிளவை விட்டுவைக்கிறது. உள்ளே ஒன்று அல்லது இரண்டு முட்டைகளை இட்டு, ஏறத்தாழ நாற்பது நாள் அடைகாக்கிறது. அதற்குள் அதன் சிறகிறகுகளும் உதிர்ந்துவிடுவதால், ஆண் கொண்டுவரும் உணவைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. கூட்டைப் பார்க்கப் போகும் ஒவ்வொருவரும் மனத்தில் நிறுத்த வேண்டிய உண்மை இதுவே.

பெருமரங்களின் அடியில் எச்சமும் விதைகளும் குவிந்துள்ளனவா என்று பார்த்து, இருந்தால் நேர்மேலே பிளவைத் தேடுங்கள். கண்டவுடன் பின்வாங்கிவிடுங்கள். குறைந்தது ஐம்பது மீட்டருக்கு அப்பால், மரத்தின் பலகைவேர் மறைவில், மங்கிய நிற உடையோடு, விடிவதற்கு முன்பே அமர்ந்துவிடுவது நல்லது. மூவருக்கு மேல் வேண்டாம். பதிவு செய்த குரலை ஒலிக்கவிடுவதும் ஃப்ளாஷ் போடுவதும் அறவே கூடாது. செங்கண் கொண்ட ஆண் (பெண்ணின் விழி வெண்மையாக இருக்கும்) அருகிலுள்ள கிளையில் அமர்ந்தபடி பொந்துக்கு வராமல் தயங்கினால், அதற்கு நீங்களே காரணம் என்று கொண்டு அமைதியாக விலகிவிடுங்கள். நீங்கள் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் உள்ளே இருப்பதன் உணவு தாமதமாகிறது.

ஆண் வந்தால், தொண்டையிலிருந்து பழங்களை ஒவ்வொன்றாக வெளிக்கொணர்ந்து ஊட்டுவதைப் பைனாகுலரில் எண்ணலாம். வந்த நேரம், பழங்களின் எண்ணிக்கை, நிறம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மரத்தடி விதைகளை மட்டும் கொண்டு உணவைக் கணிப்பது தவறாகிவிடும். கருங்குங்கிலியம் போன்ற மரங்களின் பெரிய விதைகள் அங்கே தெளிவாகக் கிடக்கும். மிகுதியாக உண்ணப்படும் அத்திப்பழங்களின் பொடிவிதைகளோ எச்சத்தில் கலந்து மறைந்துவிடும். குஞ்சு பொரித்த பின் ஓணான் போன்ற சிறு உயிரினங்களும் ஆணின் அலகில் தென்படத் தொடங்கும்.

குஞ்சு ஓரளவு வளர்ந்ததும் தாய் பூச்சை உடைத்து வெளியேறுகிறது. உள்ளிருக்கும் குஞ்சு வாயிலை மீண்டும் அடைத்துக்கொள்கிறது. ஆகவே இரு பறவைகள் ஊட்டத் தொடங்கிய நாளைத் தவறாமல் எழுதிவையுங்கள். மரத்தின் இனம், பொந்தின் உயரம், அது பார்த்திருக்கும் திசை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே பொந்து ஆண்டுதோறும் பயன்படக்கூடும். ஆனால் அந்த இடத்தைப் பொதுவெளியில் ஒருபோதும் பகிராதீர்கள்.