பூஜ்யத்தை விழுங்கிய எக்செல்

அம்பாசமுத்திரத்தில் ஒரு அரிசி ஆலைக்குக் கணக்கு எழுதுகிறேன். பாஸ்வேர்டு போட்ட 12 மாதக் கோப்புகளை எக்செல் மேக்ரோ (தானாக வேலை செய்யும் சிறு நிரல்) வரிசையாகத் திறந்து கூட்ட வேண்டும். எட்டு திறந்தது; ஒன்பதாவதில் 1004 பிழை. கையால் அடித்தால் அதே பாஸ்வேர்டு திறக்கிறது! “என்னடே, இன்னுமா முடியல?” என்று அண்ணாச்சி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார்.

பிழைப் பெட்டியில் டீபக் (Debug) பொத்தானை அழுத்தி, மேக்ரோ நின்றுபோன மஞ்சள் வரியில் பாஸ்வேர்டு மேல் மவுஸை வைத்தேன். பாஸ்வேர்டு 0417, அங்கே நின்றதோ 417. மேக்ரோ படிப்பதற்காகப் பாஸ்வேர்டுகளை எழுதி வைத்த பட்டியல் ஷீட்டில் எக்செல் அதை எண்ணாக எடுத்து முன் பூஜ்யத்தை விழுங்கியிருக்கிறது. பாஸ்வேர்டு இருந்த கட்டங்களை டெக்ஸ்ட் ஃபார்மேட்டுக்கு மாற்றினேன்; அப்போதும் 417தான். மறுபடி அடித்த பிறகே சரியானது.

அப்புறம் பதினொன்றாவது கோப்பு மட்டும் பாஸ்வேர்டு கேட்டு நின்றது. அதில் திருத்துவதற்குத் தனிப் பூட்டு. மேக்ரோவில் கோப்பைத் திறக்கும் வரியில் ரைட்ரெஸ்பாஸ்வேர்டு (WriteResPassword) என்ற இடத்தில் அதற்கான பாஸ்வேர்டையும் கொடுத்தேன். பாஸ்வேர்டு எல்லாவற்றையும் ஒரே ஷீட்டில் எழுதி வைப்பது பூட்டிலேயே சாவியைத் தொங்கவிடுவதுதான். அண்ணாச்சியிடம் சொல்லவில்லை.