ஆய்வுச் செய்தியை நம்புவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

"சர்க்கரை நோய்க்கு முடிவு", "இதயம் தானாக வளரும்", "இயற்பியலே மாறப்போகிறது" என்று தலைப்பு வந்தால் உடனே நம்பவும் வேண்டாம், ஒதுக்கித் தள்ளவும் வேண்டாம். மூலக் கட்டுரையைத் தேடிப் பிடியுங்கள், சுருக்கமாவது பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும். ஆனால் எல்லாத் துறைக்கும் ஒரே கேள்வியைக் கேட்டால் வேலைக்கு ஆகாது.

சர்க்கரை, உடல்பருமன் சம்பந்தப்பட்ட ஆய்வு என்றால் முதலில் எதை அளந்தார்கள் என்று பாருங்கள். ரத்தப் பரிசோதனை எண் குறைவது வேறு, ஆள் நன்றாக இருப்பது வேறு. அக்கார்ட் என்ற பெரிய ஆய்வில் 10,251 நோயாளிகளைச் சேர்த்து, ஒரு பாதிப் பேருக்குச் சர்க்கரையைத் தீவிரமாகக் குறைத்தார்கள். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு சுமார் 6.4 சதவீதத்துக்கு இறங்கியது, மற்றவர்களுக்கு 7.5. எண்ணைப் பார்த்தால் வெற்றிதான், ஆனால் தீவிரமாகக் குறைத்த குழுவில் 257 பேரும் மற்றக் குழுவில் 203 பேரும் இறந்ததால் 2008-இல் அந்தச் சிகிச்சையை நிறுத்தினார்கள்.

அடுத்து சதவீதம். சர்க்கரைக்கும் எடையைக் குறைக்கவும் கொடுக்கும் செமாக்ளூடைடு மருந்து மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவற்றை 20 சதவீதம் குறைத்தது என்று 2023-இல் வந்ததே, அதில் உண்மையில் இந்தப் பாதிப்பு வந்தவர்கள் மருந்து எடுக்காத குழுவில் 8 சதவீதம், எடுத்த குழுவில் 6.5, அதாவது வித்தியாசம் நூறு பேரில் ஒன்றரைப் பேர். இரண்டுமே சரியான கணக்குதான், அதுவும் ஏற்கெனவே இதயநோயும் அதிக எடையும் இருந்தவர்களிடம். எனக்கு இரண்டாவது எண்தான் முக்கியம், செய்தியில் வருவது என்னவோ முதலாவதுதான்.

திசு மீளுருவாக்கமா? எந்த உயிரில், எந்த வயதில் என்று கேளுங்கள். வரிக்குதிரை மீனின் இதயக் கீழறையில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டினாலும் இரண்டு மாதத்தில் வளர்ந்துவிடும். பிறந்த மறுநாள் எலிக்குட்டிக்கும் அது முடியும், ஏழு நாளானால் முடியாது. ஆகவே "பாலூட்டியின் இதயம் மீண்டும் வளர்ந்தது" என்பது பொய்யில்லை, ஆனால் எலியின் வயது செய்முறைப் பகுதிக்குள் போனால்தான் தெரியும்.

கோட்பாட்டு இயற்பியலில், கட்டுரைகள் குவிவதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2015 டிசம்பரில் துகள்களை மோதவிட்டு ஆராயும் செர்ன் மோதுவியின் இரண்டு கருவிகளிலும் 750 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் அருகே, புதிய துகளோ என்று நினைக்கவைக்கும்படி, தரவு வரைபடத்தில் ஒரு சின்ன மேடு தெரிந்தது. அதை விளக்க நூற்றுக்கணக்கான கட்டுரைகள் வந்தன, 2016 ஆகஸ்டில் கூடுதல் தரவு வந்ததும் மேடே காணோம். தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு என்று காட்டும் ஐந்து சிக்மா என்ற அளவைத் தொடாத வரை அதைக் கண்டுபிடிப்பு என்று சொல்வதில்லை.

கடைசியாக, கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்று பாருங்கள். சாதாரணச் செல்லை அமிலத்தில் வைத்தே, பல வகைச் செல்லாகவும் மாறக்கூடிய குருத்தணு ஆக்கலாம் என்ற ஸ்டாப் கட்டுரைகள் 2014 ஜனவரியில் வந்து ஜூலையிலேயே திரும்பப் பெறப்பட்டன. இதழின் இணையப் பக்கத்தில் மேலேயே அறிவிப்பு இருக்கும், யாரோ எப்போதோ இறக்கிவைத்த பிடிஎஃப்பில் இருக்காது.